கேமரன் மலையில ஒரே வீட்டுல முழு குடும்பமும்: ஸ்கூல் லீவுக்கு கோலாலம்பூர்ல இருந்து கிளம்புறவங்களுக்கு முழு வழிகாட்டி

நம்ம நாட்டுல கோடைகாலம்னு தனியா ஒண்ணும் இல்ல, வருஷம் பூரா வெயிலும் மழையும் மாறி மாறித்தான் வரும். ஆனா ஸ்கூல் லீவு விட்டா போதும், செந்தூல் ஃபிளாட்ல ஃபேன் காத்துல உக்காந்திருக்க முடியாம எல்லாருக்கும் ஒரே நினைப்புதான், மலைக்கு போயிடணும். எங்க குடும்பம் கொரோனாவுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது, நடுவுல ரெண்டு வருஷம் விட்டுப்போச்சு, மத்தபடி ஒவ்வொரு வருஷமும் கேமரன் மலையில ஒரு பெரிய வீடு வாடகைக்கு எடுத்து நாலு ராத்திரி தங்குறோம். கோலாலம்பூர்ல ரெண்டு குடும்பம், கிள்ளான்ல ஒண்ணு, பட்டர்வொர்த்ல ஒண்ணு, சுங்கை பட்டாணியில ஒண்ணு, பாட்டியும் கைக்குழந்தையும் சேர்த்து 22 பேர்.

முதல் வருஷம் நடந்ததை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா இங்க எழுதப்போற பாதி விஷயம் அதுல கத்துக்கிட்டதுதான். அந்த வருஷம் எந்த திட்டமும் இல்ல. வீடு எடுத்தோம், சாமான் ஏத்தினோம், போனோம். அம்மாவும் சின்னம்மாவும் அத்தையும் போன அன்னைக்கு சாயங்காலம் அடுப்படிக்குள்ள போனவங்க, நாங்க காலையில ஊர் சுத்தப் போயிட்டு பசியோட திரும்பி வருவோம், சோறு ரெடியா இருக்கும், சாப்பிட்டு தூங்குவோம், மறுபடி தேத்தண்ணி கேப்போம். நாலு நாளும் இப்படியே போச்சு. திரும்பி வரும்போது காடியில தாப்பா ரோட்டுல இறங்கிட்டிருக்கோம், அம்மா பின்னாடி சீட்டுல இருந்து கேட்டாங்க, "ஏய்யா, தேயிலைத் தோட்டம் தோட்டம்னு எல்லாரும் சொன்னீங்களே, அது எந்தப் பக்கம் இருக்கு?" காடியில ஒருத்தரும் வாய் திறக்கல. தாப்பா டவுன் வர்ற வரைக்கும் அமைதிதான். அதுக்கப்புறம்தான் தேதியில இருந்து பாத்திரம் கழுவுறது வரைக்கும் எல்லாத்தையும் உக்காந்து யோசிச்சு எழுதி வெச்சோம்.

முதல் படி: தேதியை பிடிக்கிறது

மூணு நாலு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க. பெரிய வீடுங்க கொஞ்சம்தான், லீவுக்கு எல்லாரும் அதைத்தான் தேடுவாங்க. நமக்கு வாய்க்கிறது ரெண்டு லீவு, வருஷ நடுவுல மே கடைசி ஜூன் முதல்ல வர்றது, அப்புறம் வருஷக் கடைசி. மலையில அக்டோபர் நவம்பர்ல மழை ரொம்ப ஜாஸ்தி, ஏப்ரல் மே பக்கமும் சாயங்காலம் ஆனா கொட்டும். அதனால நாங்க ஜூன் முதல் வாரத்தைத்தான் பிடிப்போம், அப்பவும் மழை வரும், ஆனா காலையில வானம் தெளிவா இருக்கும்.

கெடாவுல சொந்தக்காரங்க இருந்தா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. அவங்களுக்கு வார லீவு வெள்ளி சனி, நமக்கு சனி ஞாயிறு, ஸ்கூல் லீவும் ஒரு நாள் முன்ன பின்ன வரும். எங்க சுங்கை பட்டாணி சித்தப்பா ஒரு வருஷம் ஞாயித்துக்கிழமை காலையில வேலைக்கு போயிட்டு அதுக்கப்புறம் கிளம்பி ராத்திரி மூடுபனியில மலை ஏறினாரு, வீட்டுல நாங்க எல்லாரும் சாப்பிடாம வாசலையே பார்த்துட்டு இருந்தோம்.

ஞாயித்துக்கிழமை ஏறி வியாழக்கிழமை இறங்குங்க, இதுதான் நல்ல கணக்கு. வார கடைசியில வந்த கூட்டம் இறங்குற நேரத்துல நீங்க ஏறுவீங்க, அடுத்த கூட்டம் வர்றதுக்குள்ள கீழ வந்துடுவீங்க. பொது விடுமுறை ஒட்டி வர்ற வாரம் வேண்டவே வேண்டாம், மலை மேல கீ ஃபார்ம்னு ஒரு ஊர் பக்கம் ஜேம்ல மாட்டினா ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் போயிடும்.

வாட்ஸ்அப் குரூப்ல "எப்ப போலாம்"னு மட்டும் கேக்காதீங்க. 22 பேர் 22 தேதி சொல்வாங்க. ரெண்டு தேதி குடுத்து ஓட்டு போடச் சொல்லுங்க, மூணு நாள்ல முடிச்சிடுங்க, ஒரே ஒரு ஆள் பொறுப்பா இருந்து முடிவு சொல்லட்டும்.

ரெண்டாவது படி: வீடு

கேமரன் மலைன்னா ஒரே ஊர் இல்ல. தாப்பா வழியா ஏறினா முதல்ல ரிங்லெட், கொஞ்சம் கீழ இருக்கிறதால குளிர் கம்மி. அதுக்கு மேல தானா ராத்தா, சுமார் 1,440 மீட்டர் உயரம். அதையும் தாண்டினா பிரிஞ்சாங், அப்புறம் கீ ஃபார்ம், திரிங்காப், கம்போங் ராஜா. வயசானவங்க கூட வந்தா தானா ராத்தாவைத்தான் நான் சொல்வேன், ஏன்னா அரசாங்க ஆஸ்பத்திரி அங்கதான் இருக்கு, நம்ம சாப்பாட்டுக் கடைங்களும் அந்த மெயின் ரோட்டுலயே இருக்கு, ராத்திரி குழந்தைக்கு காய்ச்சல்னா மலை ரோட்டுல அலைய வேண்டியதில்ல.

வீட்டுக்காரர்கிட்ட எத்தனை ரூம்னு மட்டும் கேட்டுட்டு விட்டுடாதீங்க. எத்தனை குளியலறை, ஒவ்வொண்ணுலயும் ஹீட்டர் இருக்கா, வேலை செய்யுதா, அதை கேளுங்க. மலையில தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், 22 பேருக்கு ஒரே ஹீட்டர்னா காலையில சண்டை நிச்சயம். கீழ் மாடியில ஒரு ரூமும் பக்கத்துலயே கழிப்பறையும் இருக்கான்னு கேளுங்க, அது பாட்டிக்கு. எத்தனை காடி நிறுத்தலாம், வீட்டுக்கு ஏறுற பாதை எவ்வளவு செங்குத்து, கேஸ் தோங் (சிலிண்டர்) ரெண்டாவது இருக்கா, சமைக்க விடுவாங்களா, மீன் இறைச்சி சமைச்சா ஆட்சேபணை உண்டா, சாமிக்கு விளக்கு ஏத்தலாமா, சாம்பிராணி போடலாமா, எல்லாத்தையும் முன்னாடியே வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கி வெச்சுக்குங்க. ஒரு வருஷம் ஒரு வீட்டுல போட்டோவுல இருந்த அடுப்பு நேர்ல இல்ல, ஒரே ஒரு மின்சார அடுப்புதான், அன்னைக்கு ராத்திரி சோறு வெந்து சாப்பிட மணி பத்தரை ஆயிடுச்சு. அதுல இருந்து அடுப்படியை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லித்தான் முன்பணம் கட்டுறோம்.

ரூம் பிரிக்கிறதை வீட்டுக்கு போய் பார்த்துக்கலாம்னு விடாதீங்க. கீழ பாட்டியும் அவங்களுக்கு துணையா ஒருத்தரும், கைக்குழந்தை இருக்கிறவங்களுக்கு தனி ரூம், மத்த ரூமுங்க குடும்பத்துக்கு ஒண்ணு, பிள்ளைங்க எல்லாம் ஹால்ல தோத்தோ விரிச்சு வரிசையா படுக்கட்டும். பிள்ளைங்களுக்கு அதுதான் முழு லீவுமே, ராத்திரி ஒரு மணி வரைக்கும் குசுகுசுன்னு பேசிட்டு கிடப்பாங்க, அதட்டாதீங்க.

மூணாவது படி: காசு

காசு விஷயத்துல வெட்கப்படாம முதல்லயே பேசிடணும், அப்பதான் மனஸ்தாபம் வராது. எங்க முறை இதுதான்: வேலை பாக்குற பெரியவங்க ஆளுக்கு ஒரு பங்கு, படிக்கிற பிள்ளைங்க அரைப் பங்கு, பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் கிடையாது. எங்க வீட்டுல 14 பெரியவங்க, படிக்கிற பிள்ளைங்க 6, ஆக 17 பங்கு. வாடகை 3,400 வெள்ளின்னு ஒரு கணக்குக்கு வெச்சா ஒரு பங்கு 200 வெள்ளி. சாப்பாட்டு சாமானுக்கும் இதே கணக்குதான். ஒரே ஆள்கிட்ட காசு சேரட்டும், ரசீதை எல்லாம் படம் பிடிச்சு குரூப்ல போடட்டும். பெட்ரோலும் டோலும் அவங்கவங்க காடிக்கு அவங்கவங்க.

யாருக்காவது அந்த வருஷம் வேலை போயிருக்கும், இல்ல ஆஸ்பத்திரி செலவு வந்திருக்கும். அதை குரூப்ல பேசக்கூடாது. எங்க பெரியப்பா தனியா கூப்பிட்டு "நீ வா, மத்தத நான் பாத்துக்கிறேன்"னு சொல்லிடுவாரு, கணக்குல அந்த பேர் பக்கத்துல கட்டியாச்சுன்னு இருக்கும், அவ்ளோதான், வேற யாருக்கும் தெரியாது.

நாலாவது படி: அடுப்படி

இதைத்தான் நான் நீளமா எழுதப்போறேன். அடுப்படி சரியா இருந்தா மத்ததெல்லாம் தானா சரியாயிடும்.

முதல் விதி, யாரும் ரெண்டு நாள் தொடர்ந்து சமைக்கக்கூடாது. ஒரு நாளுக்கு ஒரு குடும்பம். போற அன்னைக்கு ராத்திரி சாப்பாடு கோலாலம்பூர்காரங்க பொறுப்பு, ஏன்னா பக்கத்துல இருந்து வர்றது நாங்கதான், மறுநாள் பட்டர்வொர்த், அதுக்கு மறுநாள் கிள்ளான், அப்புறம் சுங்கை பட்டாணி, இறங்குற நாள் காலையில பசியாறுறது கோலாலம்பூர்ல இருக்கிற ரெண்டாவது குடும்பம். அந்தந்த நாள் அடுப்படியில அந்த குடும்பத்து ஆம்பளைங்களும் நிக்கணும், வெங்காயம் உரிக்கிறது, தேங்காய் துருவுறது, பெரிய சட்டி தூக்குறது எல்லாம் அவங்க வேலை. 12 வயசுக்கு மேல எல்லா பிள்ளையும் பாத்திரம் கழுவணும், பையன் பொண்ணுன்னு பாக்கிறது கிடையாது, பேர் எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிடுவோம். முதல் தடவை எங்க மாமா கொஞ்சம் முகம் சுளிச்சாரு. இப்ப அவர் வைக்கிற மீன் குழம்புக்காகவே பிள்ளைங்க அந்த நாளை எண்ணிட்டு இருக்காங்க. பாட்டி அடுப்படிக்கு வந்தா நாற்காலி போட்டு உக்கார வைங்க, உப்பு புளி அவங்க சொல்லட்டும், கரண்டியை மட்டும் குடுத்துடாதீங்க.

ரெண்டாவது, மலையில சமையல் வேற மாதிரி. அந்த உயரத்துல தண்ணி சுமார் 95 டிகிரியிலயே கொதிச்சிடும், அதுக்கு மேல சூடு ஏறாது, அதனால பருப்பு கடலை எல்லாம் வேக ரொம்ப நேரம் எடுக்கும். முதல் வருஷம் சாம்பார் பருப்பு ஒன்றரை மணி நேரம் கொதிச்சும் முழுசு முழுசா கிடந்துச்சு, அம்மா பருப்பு பழசுன்னு கடைக்காரரை திட்டிட்டு இருந்தாங்க. பிரஷர் குக்கர் பெருசா ரெண்டு கண்டிப்பா எடுத்துட்டு போங்க. கொண்டைக்கடலையை முதல் நாள் ராத்திரியே ஊறப்போடுங்க, துவரம் பருப்பையும் ஒரு மணி நேரம் ஊற வைங்க. அரிசியை அரை மணி நேரம் ஊற வெச்சு கொஞ்சம் கூடுதலா தண்ணி விட்டா ரைஸ் குக்கர்ல நல்லா வரும். எங்க 22 பேருக்கு மதியச் சோத்துக்கு ரெண்டரை கிலோ அரிசி சரியா இருக்கு, குளிர்ல பசி கூடத்தான் எடுக்கும்.

தோசை மாவு தனி கதை. ஒரு கிலோ அரிசிக்கு கால் கிலோ உளுந்துன்னு வழக்கமா அரைக்கிற மாவுதான், ஆனா மலையில அரைச்சு வெச்சா ராத்திரி பூரா கிடந்தும் பொங்காது, 15, 16 டிகிரி குளிர்ல மாவு தூங்கிடும். அதனால வீட்டுலயே அரைச்சு, பொங்க வெச்சு, ஐஸ் பெட்டியில வெச்சு கொண்டு போங்க. வாளியில பாதிக்கு மேல ஊத்தாதீங்க, வளைவுல காடி ஆடுறப்ப மூடியை தள்ளிட்டு வழிஞ்சிடும், அந்த புளிச்ச வாசம் காடியில ஒரு மாசம் போகாது. மலையிலயே மாவு பொங்க வைக்கணும்னா ஓவன்ல சூடு போடாம உள்ள ஒரு சட்டி கொதிக்கிற தண்ணியும் மாவு பாத்திரத்தையும் வெச்சு மூடிடுங்க, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணியை மாத்துங்க, மறுநாள் காலையில பொங்கியிருக்கும்.

மூணாவது, கீழயே பாதி சமைச்சுடுங்க. ஆட்டிறைச்சி பெரட்டல், நெத்திலி சம்பல், புளிக்காய்ச்சல் இதெல்லாம் வீட்டுலயே செஞ்சு, ஆட்டிறைச்சியை பிளாஸ்டிக் பையில தட்டையா பரப்பி ஃபிரீசர்ல வெச்சு எடுத்தா அதுவே மத்த சாமானுக்கு ஐஸ் மாதிரி இருக்கும். போய் சேர்ந்த அன்னைக்கு ராத்திரி சோறும் ரசமும் மட்டும் வெச்சா போதும். மசாலா சாமானை லெபோ அம்பாங்லயோ பிரிக்ஃபீல்ட்ஸ்லயோ வாங்கிடுங்க, பினாங்குல இருந்து வர்றவங்க லிட்டில் இந்தியாவுல வாங்கிட்டு வரட்டும். ஆனா காய்கறி கீழ வாங்கவே வாங்காதீங்க. முட்டைக்கோஸ், முள்ளங்கி, கீரை, தக்காளி, சோளம் எல்லாம் மலையிலதான் விளையுது, காலையில பறிச்சது மத்தியானம் சட்டியில இருக்கும், அந்த கீரையோட ருசியே வேற.

ஒரு ராத்திரி ஸ்டீம்போட் வெச்சுக்குங்க. கேமரன் போனா எல்லாரும் ஸ்டீம்போட்தான், கடைக்கு போகாம வீட்டுலயே செய்யலாம், ரெண்டு மின்சாரச் சட்டி, ரசம் மாதிரி காரமா ஒரு சூப்பு, கோழி சூப்பு ஒண்ணு, காளான், கீரை, மீன் உருண்டை, மீகூன், முட்டை. அவங்கவங்க போட்டு அவங்கவங்க எடுத்துக்குவாங்க, யாரும் பரிமாற வேண்டாம், பாட்டியில இருந்து சின்னவன் வரைக்கும் ஒரே மேசையைச் சுத்தி. இன்னொரு நாள் மதியம் தானா ராத்தா கடையில வாழையிலைச் சாப்பாடு. அன்னைக்கு அடுப்பே பத்த வைக்காதீங்க.

சாமான் கட்டும்போது

ஸ்வெட்டர், காலுறை, பாட்டிக்கு குரங்கு குல்லா, இதெல்லாம் எல்லாரும் எடுத்து வைப்பாங்க. மறந்துபோறதை மட்டும் சொல்றேன். துண்டு ஆளுக்கு ரெண்டு, ஏன்னா மலையில துணி காயாது, ஈரத் துண்டுதான் மறுநாளும் கிடைக்கும். பெரிய தெர்மோஸ் ரெண்டு, ராத்திரி பாட்டிக்கு சுடுதண்ணிக்கு ஒண்ணு, குழந்தைக்கு பால் கலக்க ஒண்ணு. தோத்தோ, கூடுதல் போர்வை, நீளமான எக்ஸ்டென்ஷன் வயர், டார்ச் லைட், மழைக்கோட்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனா உறைஞ்சிடும், வாய் குறுகின பாட்டில்ல கொண்டு போனா வெளிய வராது, அகலமான டப்பாவுல ஊத்திக்குங்க. விளக்குக்கு நல்லெண்ணெய் எடுத்துக்குங்க.

மருந்தை ஒரே பையில போடுங்க, அந்தப் பை பாட்டி போற காடியில இருக்கட்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரை போற நாளை விட ரெண்டு நாளைக்கு கூடுதலா இருக்கணும், மழையில மண் சரிஞ்சு ரோட்டை மூடுறது அந்த மலையில நடக்கிற விஷயம்தான். ஆஸ்துமா இருக்கிறவங்க பம்பை மறக்கவே கூடாது, குளிர்ல இழுக்கும். எல்லாரும் ஐசி (அடையாள அட்டை), குழந்தைக்கு மைகிட் (பிள்ளைங்களோட அடையாள அட்டை) எடுத்துக்குங்க.

ரோடு

கோலாலம்பூர்ல இருந்து பிளஸ் நெடுஞ்சாலையில தாப்பா வரைக்கும் சுமார் 150 கிலோமீட்டர், அதுவரைக்கும் கஷ்டமே இல்ல. தாப்பாவுல இருந்து தானா ராத்தாவுக்கு 60 கிலோமீட்டர்தான், ஆனா அது பூரா வளைவு, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும். காலையில ஆறு மணிக்கு கிளம்புங்க. தாப்பா டவுன்ல நிறுத்தி பெட்ரோல் நிரப்பி, கழிப்பறை போய், எல்லா காடியும் சேர்ந்த பிறகு ஏறுங்க. வளைவுங்கள்ல போன் லைன் அடிக்கடி போயிடும், அதனால அடுத்து எங்க நிக்கிறோம்னு கீழயே பேசிடணும். நாங்க லத்தா இஸ்கண்டார் அருவியில நிப்போம், ரோட்டோரத்துலயே இருக்கு, பிள்ளைங்க கால் நனைச்சு வாந்தி மயக்கம் எல்லாம் தெளிஞ்சு ஏறுவாங்க.

வாந்தி வர்றவங்களுக்கு மாத்திரை ஏறுறதுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னாடி குடுக்கணும், வளைவு ஆரம்பிச்ச பிறகு குடுத்து பிரயோஜனம் இல்ல. தூக்கம் வரும், அதனால ஓட்டுறவங்க தொடவே கூடாது. சின்னப் பிள்ளைங்களுக்கு ஃபார்மசியில வயசு சொல்லி கேட்டு வாங்குங்க. காலையில நாசி லெமாக் வேண்டாம், ரொட்டி பிஸ்கட்டோட விட்டுடுங்க, மேல போய் சாப்பிடலாம். ஆசாம் போய் (உப்பு போட்டு காய வெச்ச புளிப்பு பிளம்), இஞ்சி மிட்டாய் கையில வெச்சுக்குங்க. போன் பாக்காம வெளிய தூரமா பாக்கச் சொல்லுங்க, ஜன்னலை கொஞ்சம் இறக்கிடுங்க.

வடக்கே இருந்து வர்றவங்க ஈப்போ பக்கம் சிம்பாங் புலாய்ல திரும்பி ஏறணும், அந்த ரோடு அகலம், வளைவும் கம்மி. ஆனா அது கம்போங் ராஜாவுல போய் சேரும், அங்க இருந்து தானா ராத்தா வரணும்னா திரிங்காப், கீ ஃபார்ம், பிரிஞ்சாங் எல்லாம் தாண்டணும், அதாவது ஜேம் முழுக்க அவங்க தலையிலதான். லீவு நாள்ல பத்து மணிக்குள்ள கீ ஃபார்ம் தாண்டுற மாதிரி விடியறதுக்கு முன்னாடியே கிளம்பச் சொல்லுங்க. நம்ம தாப்பா வழி வளைவு ஜாஸ்தின்னாலும் ரிங்லெட், ஹாபு தாண்டி நேரா தானா ராத்தா வந்துடும்.

இறங்கும்போது பிரேக்கையே மிதிச்சுட்டு வராதீங்க. ஆட்டோ காடியா இருந்தாலும் கியரை கீழ போட்டு இஞ்சின்லயே வேகத்தை பிடிச்சு இறங்குங்க, பிரேக் கருகுற வாசம் வந்தா ஓரமா நிறுத்தி ஆற விடுங்க. காய்கறி லாரிக்கு வழி விடுங்க. ராத்திரியில ஏறவும் வேண்டாம் இறங்கவும் வேண்டாம்.

பாட்டிக்கு இந்த வளைவெல்லாம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டா மனசு விடாதீங்க, பினாங்கு கொடிமலை இருக்கு. 1920கள்ல இருந்து ரயில் ஓடுது, இப்ப ஓடுறது 2011ல மாத்துன புது ரயில், ஆயர் ஈத்தாம்ல ஏறினா சில நிமிஷத்துல மேல, வளைவும் இல்ல வாந்தியும் இல்ல. மேல முருகன் கோயில் இருக்கு. கேமரன் அளவு குளிராது, ஆனா கீழ இருக்கிற புழுக்கம் இருக்காது. பட்டர்வொர்த் வீட்டுல தங்கிட்டு ஒரு முழு நாள் மேல போய் உக்காந்துட்டு வரலாம்.

மேல போன பிறகு

ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம், காலையில போய் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடணும். சாயங்காலம் மழை வரும், வரலைன்னாலும் வீட்டுல இருக்கணும். ஊர் சுத்துறதுக்கு ரெண்டு பேரா எப்ப வேணாலும் வரலாம், 22 பேரும் ஒரே கூரைக்கு கீழ இருக்கிற நாள் வருஷத்துல இந்த நாலுதான்.

முதல் காலை பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயில். அடுத்த நாள் தேயிலை. சுங்கை பாலாஸ் தோட்டம் எல்லாரும் போறது, அது போ (BOH) தேயிலை கம்பெனியோடது, கம்பெனி 1929ல ஆரம்பிச்சது, பாதை ரொம்ப குறுகல், திறக்கிற நேரத்துக்கே போயிடுங்க, திங்கட்கிழமை திறந்திருக்கான்னு கேட்டுட்டு போங்க. நடக்க முடியாதவங்களுக்கு தானா ராத்தாவுக்கும் ரிங்லெட்டுக்கும் நடுவுல பாரத் தேயிலைத் தோட்டம் இருக்கு, அது 1933ல வந்தது, மெயின் ரோட்டோரத்துலயே மேல உக்காந்து தேத்தண்ணி குடிச்சுட்டே பள்ளத்தாக்கு முழுக்க பார்க்கலாம். எங்க அம்மாவை ரெண்டாவது வருஷம் முதல் வேலையா அங்கதான் கூட்டிட்டு போனோம். ஒண்ணும் பேசல, ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தாங்க, அப்புறம் இன்னொரு தேத்தண்ணி கேட்டாங்க.

பாசிக்காடுன்னு சொல்ற மலைக்காட்டுக்கு பிரிஞ்சாங் மலை உச்சிப் பக்கம் போகணும், சொந்தக் காடியில முயற்சி பண்ணாதீங்க, உள்ளூர் ஜீப் எடுத்துக்குங்க, திறந்திருக்கான்னும் கேட்டுக்குங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு தானா ராத்தாவுல இருந்து பாரிட் அருவிக்கு நடக்கிற பாதை போதும். காட்டுப் பாதைக்கு காலையிலயே போங்க, கூட்டமா போங்க, மழை பெஞ்சிருந்தா அட்டைக்கு உப்பு எடுத்துக்குங்க. தாய்லாந்து பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26ஆம் தேதி இதே தானா ராத்தாவுல ஒரு பங்களாவுல இருந்து நடக்கப் போனவர் திரும்பி வரவே இல்ல, இன்னைக்கு வரைக்கும் கண்டுபிடிக்கல. இதை ராத்திரி சொன்னா பிள்ளைங்க மறுநாள் கூட்டத்தை விட்டு ஒரு அடி நகர மாட்டாங்க.

சாயங்காலத்துக்கு கேரம் போர்டும் பல்லாங்குழியும் எடுத்துட்டு போங்க. மலாய்க்காரங்க சோங்காக்கும் கிட்டத்தட்ட அதே ஆட்டம்தான், எங்க வீட்டுல பாட்டியை இதுவரைக்கும் யாரும் ஜெயிச்சதில்ல.

ராத்திரி ஒண்ணு பாட்டிக்குன்னு ஒதுக்குங்க. எங்க பாட்டி சின்ன வயசுல இந்த மலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க, கல்யாணம் ஆகித்தான் கோலாலம்பூர் வந்தாங்க. "பழைய கதை சொல்லுங்க பாட்டி"ன்னு கேட்டா "என்னத்தடா சொல்றது"ன்னுதான் வரும். சின்னச் சின்னதா கேக்கணும். பிரட்டுக்கு (காலையில வேலைக்கு பேர் கூப்பிடுறதுக்கு) எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க? மழையில தலைக்கு என்ன போட்டுக்குவீங்க? லயத்துல பக்கத்து வீட்டுல யார் இருந்தாங்க? கூடை எவ்வளவு கனம்? அப்ப வரும் பாருங்க, நிறுத்தவே முடியாது. போன்ல ரெக்கார்ட் போட்டு தலகாணி பக்கத்துல வெச்சுடுங்க, முகத்துக்கு நேரா நீட்டினா பேச்சு மாறிடும். பழைய போட்டோ ஆல்பத்தை மறக்காம கொண்டு போங்க, பின்னாடி பென்சில்ல பேர் எழுதிடுங்க. எங்க தாத்தாவோட தங்கச்சி பேரு எங்க யாருக்கும் தெரியாது, அன்னைக்கு ராத்திரிதான் தெரிஞ்சுது.

பாட்டி தோட்டத்தைப் பார்த்தப்ப ஒண்ணு கேட்டாங்க, "கையால பறிக்கிற ஆளையே காணோமே?" இப்ப பெரும்பாலும் கத்திரியும் மெஷினும்தான், ரெண்டு பேர் ரெண்டு பக்கம் பிடிச்சு செடி மேல இழுத்துட்டு போறாங்க, வேலை பாக்குறவங்களும் வங்காளதேசம், நேப்பாள்னு வெளிநாட்டுக்காரங்க நிறைய. பாட்டி ரோட்டோரச் செடியில ரெண்டு இலையும் ஒரு மொட்டுமா கிள்ளி கடைசி பேத்தி உள்ளங்கையில வெச்சு எப்படி நகம் படாம ஒடிக்கணும்னு காட்டினாங்க.

இறங்குற நாள்

முதல் நாள் ராத்திரியே கணக்கை முடிச்சிடுங்க, மிச்சம் இருந்தா பங்கு போட்டு குடுத்துடுங்க, இல்ல அடுத்த வருஷ முன்பணமா வெச்சுக்குங்க. வீட்டை யார் எதை சுத்தம் பண்றதுன்னு அதே ஃபிரிட்ஜ் லிஸ்ட்ல எழுதிடுங்க. கேஸ் மூடியாச்சா, ஹீட்டர் அணைச்சாச்சா, கட்டிலுக்கு கீழ குழந்தையோட காலுறை கிடக்குதான்னு ஒரே ஆள் எல்லா ரூமும் கடைசியா சுத்தி வரட்டும்.

காய்கறியும் ஸ்ட்ராபெர்ரியும் இறங்குறதுக்கு முன்ன சாயங்காலம் வாங்குங்க, நாலு நாளும் வாங்கி குவிக்காதீங்க. ஸ்ட்ராபெர்ரி நசுங்கினா அன்னைக்கே கெட்டுடும், கழுவாம அப்படியே ஐஸ் பெட்டியில எல்லாத்துக்கும் மேல வைங்க. வடக்கே போற காடி சிம்பாங் புலாய் வழி, நம்மளது தாப்பா வழி, அப்புறம் வழியில சந்திக்க முடியாது, அதனால கீரைக்கட்டு, முள்ளங்கி, சோளம், தேயிலைப் பாக்கெட் எல்லாத்தையும் வீட்டு வாசல்லயே அஞ்சு பங்கா பிரிச்சு பேர் எழுதி அந்தந்த காடியில ஏத்திடுங்க. பாட்டி எந்தக் காடியில போறாங்களோ அதுல முன் சீட்டு, மாத்திரை முன்னாடியே குடுத்து, போர்வை மடியில, கையில ஒரு ஆசாம் போய்.